மழை கல்லைக் கரைப்பதைக் கண்ணால் பார்க்க

மழைத்தண்ணீர் பாறையைக் கரைக்கும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அதனால் பாடத்துக்கு முன்பே கல்லைக் கையில் கொடுத்துவிடுவேன்.

சுண்ணாம்புக்கல்லோ மார்பிளோ வேண்டும். சாக்பீஸ் வேண்டாம். முதல் வருடம் நான் அதைத்தான் எடுத்துப் போனேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பல சாக்பீஸ்கள் ஜிப்சம் என்ற வேறு கனிமத்தால் ஆனவை, அமிலம் பட்டால் நுரைக்கும் கார்பனேட் அதில் கிடையாது. சந்தேகம் இருந்தால் கல்லில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சரியான கல். கருங்கல் நனையும், அவ்வளவுதான்.

கல்லை எடைபோட்டு, 100 மில்லி வினிகரில் ஒரு நாள் திறந்தபடி வையுங்கள். மூடினால் கார்பன் டை ஆக்சைடு வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். பிறகு கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். கல்லின் துளைகளில் ஈரம் நின்றால் கணக்கு தப்பும். 5 சதவீத வினிகர் அந்த அளவில் அதிகபட்சம் 4 கிராம் கல்லைத்தான் கரைக்கும். அதே எடையுள்ள இன்னொரு துண்டை உடைத்துப் போட்டால் கரைவது வேகமெடுக்கும், ஏனென்றால் அமிலம் படும் பரப்பு கூடுகிறது. விரிசல் விட்ட பாறை சீக்கிரம் அழிவதும் இதனால்தான்.

ஆனால் இயற்கையில் வினிகர் பெய்வதில்லை. எனக்குப் பிடித்த சோதனை சோடாத் தண்ணீர்தான், அதில் இருப்பது மழையில் உள்ள அதே கார்பானிக் அமிலம், அதாவது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு தரும் அமிலம். சேர்மானம் இல்லாத சோடா பாட்டிலில் ஒரு கரண்டி சுண்ணாம்புக்கல் பொடியைப் போட்டு, உடனே இறுக்கி மூடி, குளிர்ச்சியில் ஓர் இரவு வையுங்கள். இங்கே மூடித்தான் ஆக வேண்டும். வாயு போய்விட்டால் அமிலமும் போய்விடும். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் தங்கும். மறுநாள் வடிதாளில் தெளிவாக வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். தெளிந்த தண்ணீர் பால்போலக் கலங்கும். பைகார்பனேட் என்ற நீரில் கரையும் வடிவில் இருந்த கல், வாயு வெளியேறியதும் திரும்பக் கல்லாகிறது. குகைக் கூரையில் சுண்ணாம்பு விழுதுகள் தொங்குவதும் இப்படித்தான், அங்கே கொதிப்பு இல்லை, சொட்டும் நீரிலிருந்து வாயு மெல்லப் பிரிகிறது. பொடி போடாத சோடாவையும் தனியே கொதிக்கவைத்து ஒப்பிடுங்கள். அதைச் செய்யாமல் முடிவு சொல்ல நான் யாரையும் விடுவதில்லை.

சுத்தமான மழைநீரின் பிஎச் அளவே (7க்குக் கீழே போனால் அமிலம்) சுமார் 5.6தான். அது மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு இன்னும் புளிக்கிறது. பாறைமேல் படரும் லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்பவை) பல ஆக்சாலிக் அமிலம் சுரக்கின்றன.

கருங்கல்லும் தப்புவதில்லை, காலம்தான் அதிகம். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்ல வெண்களிமண்ணாக மாறுகிறது. நெடுங்காலம் வெளியில் கிடந்து உளுத்துப்போன கருங்கல்லின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டுவது பெரும்பாலும் அந்தக் களிமண். நறநறவென்று உறுத்துவது குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம், அமிலம் தொட முடியாமல் விட்டுப்போனது.