டிரெய்லரில் வாத்தியங்களை வைத்துப் பூட்டுவோர் செய்யும் தவறுகள்

சொந்தமாக டிரெய்லர் வாங்கிய புதிய இசைக்குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. "அடுத்த கச்சேரிக்கு நாலைந்து நாள்தானே, எதற்கு எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், அப்படியே பூட்டிவிடுவோம்" என்கிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் சொன்ன அதே வார்த்தைகள். கேபிளை முடிச்சாகத் திணிப்பது, ஸ்டாண்டின் திருகைத் தொலைப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும். தவறு என்றே தெரியாமல் நடப்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"பெட்டிக்குள் பத்திரமாகத்தானே இருக்கிறது"

கெட்டியான பெட்டி அடியைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. வெப்பம் உள்ளே போவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே போன வெப்பத்தை வெளியே விடுவதிலும் அதே தாமதம் உண்டு. வெளியே 35 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தால், ஜன்னல் இல்லாத தகர டிரெய்லருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கூரைக்கு அருகே கறுப்புப் பெட்டியை அடுக்கியிருந்தால் இன்னும் மோசம்.

கிதார், வயலின் போன்றவை பசையால் ஒட்டப்பட்டவை. மரவேலையில் புழங்கும் பசைகள் பெரும்பாலும் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்குகின்றன. பசை உருகி ஓட வேண்டியதில்லை, பிடி சற்றுத் தளர்ந்தாலே போதும். ஏனென்றால் இரும்புக் கம்பி கட்டிய அக்கௌஸ்டிக் கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. யாரும் வாசிக்காத நேரத்திலும் அந்த இழுப்பு ஓய்வதில்லை. முன்பலகையில் ஒட்டப்பட்டுக் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின் விளிம்பு மயிரிழை அளவு தூக்கும். கழுத்து இணைப்பு முன்னால் சாயும். உள்ளே தாங்கும் சட்டங்களில் ஒன்று விடுபட்டு, குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் அதிரும். பிரிட்ஜை மறுபடி ஒட்டுவது சின்ன வேலை. கழுத்தைக் கழற்றிக் கோணம் சரிசெய்து பொருத்துவது அப்படியல்ல. பல கிதார்களுக்கு அந்தச் செலவு வாங்கிய விலையையே தாண்டிவிடும்.

எங்களோடு சில பயணங்களில் வந்த ஒரு இளைஞருக்கு இதுதான் நடந்தது. கச்சேரிக்கு முன் பெட்டியைத் திறந்தார், சுருதி இறங்கியிருந்தது. பிரிட்ஜைப் பார்க்காமல் முறுக்கினார். அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரிட்ஜ், முன்பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டு எழும்பியது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறொன்று. முந்தின இரவு அந்த இளைஞரின் குழு டிரெய்லரிலிருந்து எதையும் இறக்காமல் இல்லை. டிரம் ஸ்டாண்டுகள் நிரம்பிய இரும்புப் பெட்டியைத் தங்கிய அறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்! அது கதவோரம் இருந்தது, கிதார் அடியாழத்தில் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

இதைச் சோம்பல் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. தவறு ஏற்றும்போதே நடந்துவிடுகிறது. "விலை உயர்ந்தது, பத்திரமாக உள்ளே போகட்டும்" என்று மர வாத்தியங்களை முதலில் ஏற்றுகிறார்கள். நள்ளிரவில் களைத்துப்போன யாரும் ஸ்பீக்கர்களை நகர்த்திவிட்டுக் கிதாரைத் தேட மாட்டார்கள். ஆகவே மர வாத்தியமும் தோல் வாத்தியமும் கடைசியில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றினால் யாருடைய ஒழுக்கத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

வாத்தியம் ஏற்கெனவே சூடாகிவிட்டதா? உடனே கம்பிகளைத் தளர்த்துங்கள். பிறகு பெட்டியை மூடி, நிழலில் வைத்து மெதுவாக ஆறவிடுங்கள். குளிர்சாதனத்தின் எதிரே திறந்து வைக்காதீர்கள். ஆறியபின் பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். முன்பு நுழையாத இடத்தில் இப்போது நுழைகிறது என்றால் கம்பியை மறுபடி ஏற்றக் கூடாது, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஈரத்தோடு பூட்டுவது

வியர்வை படிந்த கிதார் பட்டை, மழையில் நனைந்த கேபிள், பனிப்புல்லில் கிடந்த தரைவிரிப்பு. இவை மூன்றும் ஒரு டிரெய்லருக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துவிடும். 30 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று ஏறத்தாழ 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளி படியும். இரவில் தகரக் கூரை அதற்கும் கீழே குளிர்வது எளிது. கூரையின் உட்புறத்திலிருந்து சொட்டும் நீர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலும் ஆம்ப்ளிஃபயரின் மேற்புறத் துளைகளிலும் விழும். டிரெய்லரின் காற்றுத்துளைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும். பொருள்களைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை டிரெய்லர் முழுக்க இறைப்பது வீண். காற்று வந்துபோகும் இடத்தில் அவை விரைவில் நிறைந்து பயனற்றுவிடும். இறுக மூடிய பெட்டிகளுக்குள் மட்டுமே போடுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்தால் இன்னும் நல்லது. மர வாத்தியத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு வரை நல்லது.

குளிர்காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். குளிர்ந்த பெட்டியை வெதுவெதுப்பான அரங்கில் உடனே திறந்தால் வாத்தியத்தின் மேல் ஈரம் படியும். பழைய வாத்தியங்களின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் என்ற மெருகுப் பூச்சு நுண்ணிய கோடுகளாக வெடிக்கவும் கூடும். வந்தவுடன் பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள், திறப்பதைக் கடைசிக்கு விடுங்கள்.

கனத்தைப் பின்னால் அடுக்குவது

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதை வண்டியோடு மாட்டும் இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும். ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் சக்கர அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னும் தரைமட்டத்தில் இருக்கட்டும், சுவர்ச் சட்டத்தோடு பட்டையால் இறுக்கப்பட்டிருக்கட்டும். கனம் பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தியிருக்கும்போதும் ஆபத்து உண்டு. பின்பக்கமாக ஒருவர் ஏறினாலே முன்பக்கம் மேலே எழும்பலாம். வாத்தியங்களைக் கதவோரம் வைக்கச் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது, அவை இலேசானவை.

பேட்டரிகளை உள்ளேயே விடுவது

கழற்றுங்கள். அன்று இரவே.

குழுவின் பெயரை வெளியே எழுதுவது

வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நீங்களே சொல்லக் கூடாது.

காப்பீடு இருக்கிறது என்று நம்பியிருப்பது

வீட்டுக் காப்பீட்டில் வாத்தியமும் அடங்கும் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். பணம் வாங்கி வாசிப்பதற்குப் பயன்படும் பொருள்களை விலக்கும் விதியும், ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால் இழப்பீடு மறுக்கும் விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, டிரெய்லருக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

கதவை மட்டும் பூட்டுவது

கதவில் பெரிய பூட்டு தொங்கும், கொக்கியில் ஒன்றும் இருக்காது. வருபவர் கதவைத் தொடவே வேண்டியதில்லை, தன் வண்டியில் மாட்டி மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். இணைப்புக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு, இரண்டும் தேவை. இயன்றால் பின்கதவு சுவரை ஒட்டும்படி நிறுத்துங்கள். அப்படி நிறுத்தியபின் கதவைத் திறக்க முடியாது என்பதால், வாத்தியங்களை இறக்கி அறையில் வைத்துவிட்டு, அதன்பிறகு வண்டியைச் சுவருக்குப் பின்னோக்கி ஓட்டுங்கள்.