ஜாவா ஜெனரிக்ஸ்: சப்கிளாஸ் ஆப்ஜெக்டை வெளியிலிருந்து வாங்குங்கள்

வங்கி ஸ்டேட்மெண்ட்களைப் படிக்கும் ஒரு ஜாவா புரோகிராமை நான் பராமரிக்கிறேன். அதில் 'ரீடர்' ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதாவது அதிலிருந்து நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது, அதை நீட்டி எழுதும் சப்கிளாஸிலிருந்துதான் முடியும். ஃபைலிலிருந்து எந்த வகை ரெக்கார்டு வரும் என்பதை 'டி' என்ற டைப் பாராமீட்டர் சொல்லும்; இப்படி டைப்பையே பாராமீட்டராகக் கொடுப்பதுதான் ஜெனரிக்ஸ். சிஎஸ்வி ரீடர், எக்ஸ்எம்எல் ரீடர் இரண்டும் சப்கிளாஸ்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் புது ரீடர் வேண்டும், ஆனால் ஃபைல்களைச் சுற்றிவரும் லூப் பொதுவானது.

லூப் இருக்கும் மெத்தடுக்கு, 'ரீடர்' வகையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 'ஆர்' என்று இன்னொரு டைப் பாராமீட்டர் கொடுத்து, உள்ளே 'நியூ ஆர்()' எழுதத்தான் முதலில் கை போகும். கம்பைலர் விடாது. 2004-ல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய கோடும் சேர்ந்து ஓட வேண்டும் என்று, டைப் பாராமீட்டர்களைக் கம்பைலர் அழித்துவிடும் டைப் இரேஷர் முறையை எடுத்தார்கள். கம்பைல் ஆனதும் 'ஆர்' அழிந்து அங்கே வெறும் 'ரீடர்' நிற்கும். அதுவோ அப்ஸ்ட்ராக்ட், எதை உருவாக்குவது?

சரி, புரோகிராம் ஓடும்போதே கிளாஸின் விவரங்களைத் தேடிப் பயன்படுத்தும் ரிஃப்ளெக்‌ஷன்? கிளாஸை அனுப்பி, அதன் கன்ஸ்ட்ரக்டரைத் தேடியெடுத்து 'நியூஇன்ஸ்டன்ஸ்' கூப்பிடலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் எக்ஸ்எம்எல் ரீடரின் கன்ஸ்ட்ரக்டரில் என்கோடிங்குக்கு ஒரு பாராமீட்டர் சேர்த்தேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பேட்ச் ஓடும்போது, பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கிடைக்காமல் 'நோசச்மெத்தட்எக்ஸெப்ஷன்' வந்து எல்லாம் நின்றுவிட்டது. காலையில் கணக்குப் பார்க்க வந்தவர்கள் கையில் எதுவுமில்லை. அதோடு அந்த வழியை விட்டேன்.

இப்போது செய்வது இது. 2014-இல் ஜாவா 8-உடன் வந்த 'சப்ளையர்' (கேட்டால் ஒரு ஆப்ஜெக்டைத் தரும் இன்டர்ஃபேஸ்) ஒன்றை மெத்தடுக்குப் பாராமீட்டராகக் கொடுங்கள். உள்ளே புது ரீடர் தேவைப்படும் இடத்தில் அதன் 'கெட்' மெத்தடைக் கூப்பிடுங்கள். வெளியே, கூப்பிடும் இடத்தில், அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைச் சுட்டும் 'சிஎஸ்விரீடர்::நியூ' என்று எழுதினால் போதும். சப்கிளாஸும் ஜெனரிக்காக இருந்தால் டைப்பைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். என்கோடிங் அனுப்ப வேண்டுமா? '() -> நியூ எக்ஸ்எம்எல்ரீடர்(என்கோடிங்)' என்று லாம்ப்டாவாக, அதாவது பெயரில்லாத சிறு ஃபங்ஷனாக, எழுதுங்கள். தவறி 'ரீடர்::நியூ' எழுதினால் கம்பைலரே பிடித்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் மாறினாலும் அதே வரியில் எரர் காட்டும், பகலில், உங்கள் கண் முன்னே.

அப்புறம், ஃபைல் வகைக்கேற்ற ரீடரைத் தேர்ந்தெடுக்க மேப் வைத்தால் அதில் சப்ளையரைப் போடுங்கள், ரீடரையே போடாதீர்கள். ஒரே ரீடர் திரும்பத் திரும்ப வந்தால், முந்தைய ஃபைலில் எங்கே நின்றதோ அந்த நினைவோடு அடுத்ததைத் திறக்கும்.

சி ஷார்ப்பில் ரன்டைமிலும் டைப் அழியாது. 'ஆர்' மீது 'நியூ()' என்ற நிபந்தனை வைத்தால் 'நியூ ஆர்()' அப்படியே வேலை செய்யும், அப்ஸ்ட்ராக்ட் கிளாஸைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. ஆனால் பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை மட்டுமே அப்படிக் கூப்பிட முடியும். என்கோடிங் போல ஏதாவது அனுப்ப வேண்டியிருந்தால் அங்கேயும் சப்ளையர் போன்ற ஒரு 'ஃபங்க்' டெலிகேட்டைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.