வன்னி வெக்கையில் இரண்டு அனலொக் ஒஸிலேற்றர்களை ஒப்பிடுவது எப்படி?

மொடியூலர் சிந்தசைசர் (மொடியூல் என்ற தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி) கட்டத் தொடங்கும் தம்பி தங்கைகள், அதில் சுரத்தைப் பிறப்பிக்கும் ஒஸிலேற்றரைப் பற்றி முதலில் கேட்பது, "அண்ணா, எந்த ஒஸிலேற்றரின் சத்தம் நல்லது?" என்றுதான். சத்தத்தைக் கடைசியில் பாருங்கள். கிளிநொச்சியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து வாசிக்கிற ஆளுக்கு, விடிய ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி மத்தியானம் இரண்டு மணிக்கும் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. குளிரறையில் எடுத்த டெமோ வீடியோ எதுவும் இதற்குப் பதில் சொல்லாது.

சுருதி ஏன் நகர்கிறது? யூரோரக் என்ற மொடியூல் தரமுறையில், ஒஸிலேற்றருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ற் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறவேண்டும், அதாவது மீடிறன் இரட்டிக்கவேண்டும். இந்த இரட்டிப்பை உள்ளே ஒரு திரான்சிற்றர்தான் செய்கிறது, அதன் குணமோ வெப்பநிலையோடு மாறும். ஈடுசெய்யாத சுற்றென்றால் ஒரு பாகை ஏறினாலே நாலு ஸ்தாயி தள்ளி ஏறத்தாழ 16 சென்ற் பிசகும் (அரைச்சுரம் ஒன்று 100 சென்ற்). நல்ல வடிவமைப்பில் சோடி திரான்சிற்றரும், வெப்பத்தோடு மாறும் ஒரு தடையும் சேர்ந்து இதைச் சமன் செய்யும். பழைய சிஈஎம் 3340 என்ற ஒஸிலேற்றர் சிப்பில் அந்த ஈடு உள்ளேயே இருக்கிறது, லத்வியாவின் அல்ஃபா நிறுவனம் இன்று செய்யும் ஏஎஸ் 3340 அதே வடிவம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். மொடியூலைக் கொழுவுமுன் றிபன் கேபிளின் சிவப்புக் கோடு −12 வோல்ற் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், மாறிக் கொழுவினால் மொடியூல் எரியலாம். மொடியூலின் சத்தம் 10 வோல்ற் அளவுக்கு ஆடும், ஸ்பீக்கர் வொலியூமைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். மின்னைப் போட்டு அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். சூடேறுமுன் எடுக்கும் அளவீடு எதற்கும் உதவாது.

இப்போது போனில் ஒரு ரியூனர் ஆப்பைத் திறந்து ஒஸிலேற்றரை 110 ஹேர்ட்ஸில் வையுங்கள். சீக்குவென்சரிலிருந்து (வரிசையாக வோல்ற் தரும் மொடியூல்) 1, 2, 3, 4 வோல்ற் கொடுங்கள் (அது சரியான வோல்ற்றைத் தருகிறதா என்று முதலில் மல்ரிமீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்). 220, 440, 880, 1760 வரவேண்டும். 880க்குப் பதில் 874 காட்டினால் 12 சென்ற் இறக்கம், காதுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் பிழை கொஞ்சங் கொஞ்சமாய்க் கூடினால் பயப்படாதீர்கள், பின்பக்கத்துச் சின்னத் திருகில் ஸ்கேலைச் சரி செய்யலாம். கீழே எல்லாம் சரியாக இருந்து மேலே மட்டும் இறங்கினால் அது வேறு விஷயம். வாள்பல் அலையை மூலமாகக் கொண்டவற்றில் கொள்ளளவி ஒவ்வொரு அலைச் சுற்றிலும் வெறுமையாக ஒரு சிறு நேரம் எடுக்கும், சுருதி ஏற ஏற அந்த நேரம் பெரிதாகத் தெரியும். இதற்கென்று தனித் திருகு உள்ள மொடியூலை எடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரண்டு ஒஸிலேற்றரையும் மிக்சரில் சேர்த்து 440இல் வையுங்கள். ஏ/எல் பௌதிகவியலில் படித்த அடிப்பு ஞாபகம் இருக்கிறதா? 440உம் 441உம் சேர்ந்தால் செக்கனுக்கு ஒருமுறை "வாங்… வாங்…" என்று சத்தம் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் முழுதாய் அடங்கும்வரை ஒன்றை மெல்லத் திருப்புங்கள். பிறகு ஒரே வோல்ற்றை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்து ஒவ்வொரு ஸ்தாயியாக ஏறுங்கள், இதற்கு பஃபர் உள்ள மல்ரிப்பிளால் (ஒரு வோல்ற்றைக் குறையாமல் பலவாகப் பிரிக்கும் மொடியூல்) பிரியுங்கள், இல்லாவிட்டால் வோல்ற் குறையும். எங்கே ஆட்டம் திரும்பத் தொடங்குகிறதோ அங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

இதையே விடிய ஒருமுறையும், கூரை கொதிக்கிற நேரம் ஒருமுறையும் செய்து கொப்பியில் எழுதுங்கள். நான் வாங்கிய முதல் ஒஸிலேற்றர் காலையில் அருமையாக நின்றது, பங்குனி மத்தியானத்தில் மேல் ஸ்தாயி கால் சுரம் விலகிவிட்டது. அதன் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் மெலடி வாசிப்பதில்லை, ஆழமான பேஸுக்கும் இரைச்சலுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

இனிச் சத்தத்தைக் கேளுங்கள். முக்கோண அலையை மூலமாகக் கொண்டவற்றில் சைன் பொதுவாகத் துப்புரவாக வரும், எஃப்எம் (ஒரு ஒஸிலேற்றரால் மற்றதன் மீடிறனை ஆட்டுவது) செய்ய அது நல்லது. பில்ரருக்குள் (சில மீடிறன்களை வடிகட்டும் மொடியூல்) விட்டுச் செதுக்க வாள்பல் அலை வேண்டும். சதுர அலையின் அகலத்தை மெல்ல மாற்றிப் பாருங்கள், ஒரு ஒஸிலேற்றரே இரண்டுபோலக் கேட்கும். ஹார்ட் சிங்க் (ஒரு ஒஸிலேற்றரின் அலை, மற்றதன் அலையை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கவைப்பது) இருந்தால் மற்றதோடு இணைத்து சுருதியை மேலே இழுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் மத்தியானச் சோதனையில் நின்றதை வாங்குங்கள்.