வாட்ஸ்அப் குழுவில் நல்ல பதில் புதைந்துபோகாமல் இருக்க

விவசாயிகள் குழுவில் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அளவு சொல்லி ஒருவர் பொறுமையாகத் தட்டச்சு செய்திருப்பார். மாலைக்குள் வாழ்த்துப் படங்கள் அதை மேலே தள்ளிவிடும். மறுவாரம் அதே கேள்வி வரும். ஆனால் பதில் சொன்னவருக்கு அலுத்துப்போயிருக்கும். இதுதான் பெரிய இழப்பு.

விவாதம் அடங்கியதும் அட்மின் ஒருவர் முடிவை மட்டும் ஒரே செய்தியாக எழுத வேண்டும். முதல் வரியில் பயிர், பிரச்சினை, அடுத்து அளவு, கடைசியில் தேதி:

"கத்தரி – காய்ப்புழு. வேப்பங்கொட்டைக் கரைசல் 5%: இடித்த பருப்பு 5 கிலோ, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, மொத்தம் 100 லிட்டர் ஆக்கவும். (தேதி)"

'கத்தரிக்காய்', 'கத்திரி' என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் தேடலில் சிக்காது. ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து அதையே எல்லோரும் பயன்படுத்துங்கள். குரல்செய்தியில் வரும் பதிலையும் எழுத்தாக்கிவிடுங்கள்.

அனுப்புமுன் அளவை இருவர் சரிபார்க்கட்டும். 15 நிமிடம் கடந்தால் திருத்த முடியாது.

பிறகு அதை 'பின்' (pin) செய்யுங்கள், அதாவது குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி பொருத்திவையுங்கள். மூன்று செய்திகளுக்குத்தான் இடம். காலக்கெடு 24 மணி, 7 நாள், 30 நாள். பருவத்துக்கு வேண்டியதற்கு 30 நாள் கொடுங்கள். பின் செய்யும் உரிமை அட்மின்களிடம் மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செய்திக்கு நட்சத்திரம் இட்டுவைத்தால் போதாது, அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

மறையும் செய்திகள் வசதி இயங்கினால் சுருக்கமும் அழிந்துவிடும், அதை அணைத்துவையுங்கள். எல்லாச் சுருக்கங்களையும் ஒரு கூகுள் டாக்கில் சேர்த்து, இணைப்பைக் குழு விவரணத்தில் போடுங்கள். புதிதாகச் சேர்பவர் கண்ணிலும் அது படும்.