ஆண்டுக்கு இருமுறை பூக்கும் தாடி ஐரிஸ்: வளர்ப்பது எப்படி?

வாழையைப் போலத்தான் ஐரிஸ் என்ற கிழங்குப் பூச்செடியும். கீழிதழ்களில் தாடிபோல மயிர் உள்ள வகைதான் தாடி ஐரிஸ். ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கக்கன்றுதான் பூக்கும். இருமுறை பூக்கும் ரகங்களில் அந்தக் கன்றுகள் ஒரே கோடையில் முற்றிவிடும். அதனால் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் அக்டோபரில் பூத்தது மார்ச், ஏப்ரலில் மறுபடி பூக்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ‘இம்மார்ட்டாலிட்டி’ என்ற வெள்ளை ரகமே நல்லது.

ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் நடுங்கள். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், வீட்டின் வடபுறப் பாத்திதான் வேண்டும். தினமும் 6 மணி நேரமாவது வெயில் பட வேண்டும். களிமண் என்றால் 15 செ.மீ. மேடு கட்டுங்கள். இலைகளை விசிறிபோல 15 செ.மீ. உயரத்தில் நறுக்கி, 40 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது ஆழத்தில்தான். மஞ்சளும் இஞ்சியும் நட்டுப் பழகிய கை தானாகவே ஆழப் புதைத்துவிடும். குழிக்குள் சிறு வரப்பு எழுப்பி, அதன்மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரு பக்கமும் இறக்கி மண்ணை அணையுங்கள். கிழங்கின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும். புதைந்துவிட்டால் இலை மட்டும் செழிக்கும், பூ வராது. கோடை மழையில் கிழங்கும் அழுகும். மூடாக்கும் போடாதீர்கள். ஈரக்காற்று வீசும் டர்பனில் அழுகல் இன்னும் அதிகம். குளிரும் போதாததால் இரண்டாம் பூவை அங்கே நம்ப முடியாது.

முதல் பூ முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். கன்றுக்கு ஊட்டம் தேவைப்படுவது அப்போதுதான். 2:3:2 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் அந்த விகிதத்தில் உள்ளது) ஒரு மேசைக்கரண்டி, கிழங்கின் மேல் படாமல் சுற்றிலும் தூவுங்கள். ஆகஸ்டிலும் இதே அளவு. புல்தரை உரமும் பச்சைச் சாணமும் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் கிழங்கு இளகி அழுகும். மழை இல்லாத வாரங்களில் ஒரு முறை நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். கோடையில் காயவிட்டால் கன்று முற்றாது.

கிழங்கை அழுத்தினால் குழைந்து நாற்றம் அடிக்கிறதா? கத்தியை விடப் பழைய கரண்டி மேல்: கத்தி நல்ல சதையையும் அறுக்கும், கரண்டி அழுகியதை மட்டும் வழிக்கும். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

கன்றுகள் வேகமாக நெருங்குவதால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிரித்து நட வேண்டும். மே மாதத்தில் உறைபனி வரும் என்று தெரிந்தால், நிறம் காட்டிய மொட்டுள்ள தண்டை மாலையே வெட்டிக் குவளையில் வையுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாக விரியும்.