பிள்ளையோடு ஜெட்டி விளக்கடியில் தூண்டில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

மலேசியாவின் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தையும் செம்பனையையும் தாண்டினால் பேராக் ஆற்று முகத்துவாரம். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், விளக்கு எரிந்தால் அதன் கீழே மீன் இருக்கும். என் மகளுக்கு ஏழு வயது. அவளைக் கூட்டிப்போய்க் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விதி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்தான், அதுவும் பிள்ளை கையில். முதல் தடவை நான் எனக்கென்று தனியாக ஒரு கம்பு போட்டேன். சிக்கின தங்கூசியை (தூண்டில் நைலான் நூலை) பிரிக்கக் குனிந்து நிமிர்ந்தால், இவள் ஜெட்டி விளிம்பில் மண்டியிட்டுத் தலையைக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறாள். "அப்பா, இங்க ஒண்ணு ஓடுது பாருங்க!" அன்றோடு என் கம்பு வீட்டிலேயே இருக்கிறது.

நாள் பார்ப்பது

சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்ற இறக்கம் பெரிது, இழுப்பும் பலம். ஈயக்குண்டு ஓரிடத்தில் நிற்காது, சின்னக் கை தாங்காது. அஷ்டமி, நவமி, தசமி பக்கம் தண்ணீர் சாது. அஷ்டமியும் நவமியும் நல்ல காரியத்துக்கு ஆகாதென்று தவிர்க்கும் நாட்கள்தாம், ஆனால் பிள்ளையோடு தூண்டில் போட அவையே தோது. அதிலும் தேய்பிறையைப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமியில் நிலவு கிளம்ப நடுராத்திரி ஆகிவிடும். முன்னிரவு நல்ல இருட்டு, விளக்கு வெளிச்சம் தண்ணீரில் எடுப்பாகத் தெரியும்.

பிறகு நீர் ஏற்ற இறக்க அட்டவணை. இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு தடவை நீர் ஏறும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ராத்திரி பத்துக்குள் நீர் நிறையும் நாளாகப் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். வற்றின நேரத்தில் போனால் ஜெட்டிக்கு அடியில் வெறும் சேறுதான். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அவற்றை விட்டு, நாங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் போகிறோம்.

இடி சத்தம் கேட்டால் கிளம்பவே வேண்டாம். அங்கே போன பிறகு கேட்டாலும் உடனே காருக்குள்.

எடுத்துப்போக வேண்டியவை

ஐந்தடிக் கம்பு, 10 பவுண்டு தங்கூசி, 8 அல்லது 10ஆம் எண் முள், சிறிய ஈயக்குண்டு. முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சில மீன் தப்பும். ஆனால் விரலில் குத்தினால் முள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முடிச்சுகளை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். இரைக்குச் சந்தை இறால் கால் கிலோ, விரல் நக அளவு துண்டுகளாக.

உயிர்காப்பு உடை பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால் இடுக்கு வழியாக வார் வருவதாக இருக்க வேண்டும். மாட்டிவிட்டு இரு தோள் பக்கமும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிது. காரை விட்டு இறங்கும்முன் மாட்டுங்கள், திரும்பிக் கார் கதவைச் சாத்தினபின் கழற்றுங்கள். நழுவாத செருப்பு, நெற்றி விளக்கு, கொசு மருந்து. சுடுதண்ணீர்க் குடுவை இரண்டு: ஒன்றில் மைலோ, ஒன்றில் வெறும் சுடுதண்ணீர். எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம் தூண்டிலைத் தொடாதீர்கள்

ஜெட்டி யாருடையது என்று கேட்டு, படகு கட்டாத பக்கமாக இடம் பிடியுங்கள். விளிம்பிலிருந்து ஒரு கை தள்ளிக் குட்டை நாற்காலியைப் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்து, உடையின் வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தொடும் படிக்கட்டுக்கு மட்டும் இறங்கவே விடாதீர்கள். இந்த ஆற்றில் முதலை உண்டு.

இப்போது வெளிச்சத்தைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வெளிச்சத்துக்கு வந்து சேரும். அதைத் தின்னப் பொடிமீனும் இறாலும் வரும். தூணோரம் டார்ச்சை ஒரே ஒரு நொடி அடித்தால் இறாலின் கண்கள் செந்தணலாகத் தெரியும், இரண்டிரண்டாக. என் மகள் அன்று எண்ணினது பதினாறு ஜோடி. பெரிய மீன் வெளிச்சத்தின் நடுவில் நிற்காது. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் கோட்டுக்கு அந்தப்பக்கம், நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்துக் காத்திருக்கும். அந்தக் கோட்டைப் பிள்ளையே விரல் நீட்டிக் காட்டட்டும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பின் டார்ச்சைத் தண்ணீரில் அடிக்கக் கூடாது.

போடுவது

வீச வேண்டாம். இருட்டில் பிள்ளை வீசும் முள் யார் கன்னத்தில் மாட்டும் என்று சொல்ல முடியாது. விளிம்புக்கு நேர் கீழே, வெளிச்சத்துக்குள் இரையை இறக்குங்கள். குண்டு தரை தட்டினதும் இரண்டு சுற்று மேலே எடுத்து, நீரோட்டம் அதை நிழல் பக்கம் இழுத்துப்போக விடுங்கள். கம்பின் நுனி ஒரு தடவை துடித்தால் பொறுக்கச் சொல்லுங்கள். வளைந்து கீழே போனால் தூக்கச் சொல்லுங்கள். "இப்ப... தூக்கும்மா!" என்ற அந்த ஒரு சொல்தான் உங்கள் வேலை.

இங்கே அதிகம் மாட்டுவது கெலாமா. கையில் எடுத்ததும் கொர், கொர் என்று சத்தம் போடும். காற்றுப்பையை அதிரவைத்து எழுப்பும் சத்தம் அது. காதருகே கொண்டுபோய்க் கேட்க விடுங்கள்.

மீசையோடு, விலாங்குபோல் வால் கூம்பிப்போன மீன் வந்தால் அது செம்பிலாங். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷமுள். பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டு, கையே படாமல் தங்கூசியை வெட்டி விட்டுவிடுங்கள். குத்திவிட்டால் அந்த இரண்டாவது குடுவை உதவும். பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் உங்கள் கையை விட்டுப் பார்த்து, தோல் வேகாத பொறுக்கும் சூட்டில் குத்தின இடத்தை முக்கி வையுங்கள். சூடு விஷத்தின் வலியைத் தணிக்கும். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், உடைந்த முள் உள்ளே இருக்கலாம். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள்.

நீர் நிறைந்து அசையாமல் நிற்கும்போது கடி நின்றுவிடும். மைலோவை அப்போது ஊற்றுங்கள். பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பித்தால், நுனி துடித்துக்கொண்டிருந்தாலும் சுருட்டிவிடுங்கள். கெலாமா சதை சீக்கிரம் குழையும். பிடித்த கையோடு ஐஸில் போட்டு, காலையில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்துவிடுங்கள். முதல் மீன், வாலோடு, பிடித்தவளுக்கு.