கடன், சாவு, பாம்பு: வீட்டிலேயே ஒரு சொல் சோதனை

நிதானமாகப் படித்து யோசித்த பிறகுதான் மனசு அசைகிறது என்று நினைக்கிறோம். ஆனால் தலையில் மின்முனைகள் பொருத்தி அளந்தால், கண் பட்ட 200 முதல் 300 மில்லி வினாடிக்குள்ளேயே உணர்ச்சிச் சொல்லுக்கும் சாதாரணச் சொல்லுக்கும் மூளை அலை வேறுபடுவது தெரியும். வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை, நாலு நிற ஸ்கெட்ச் பேனாவும் போனில் ஸ்டாப்வாட்சும் போதும்.

நிறப் பெயர்களை வேறு நிற மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லி 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் செய்த சோதனையின் தம்பி இது. ஒரு தாளில் சாவு, கடன், பாம்பு, துரோகம், விபத்து. இன்னொன்றில் பாய், கதவு, செம்பு, ஜன்னல், அலமாரி. எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 2, 3, 3, 4, 4 என்று பொருந்தும். இதை விட்டால் சோதனையே வீண், ஏனென்றால் நீளமான சொல்லும் அபூர்வமான சொல்லும் தம் பங்குக்கு வேகத்தை மாற்றும். ஒவ்வொரு சொல்லையும் 8 முறை, நிறத்தையும் வரிசையையும் கலைத்து எழுதுங்கள். உணர்ச்சிச் சொல்லால் வரும் தாமதம் சொல்லுக்கு நூறில் சில பங்கு வினாடிதான், அதனால் தாளுக்கு 40 சொல்லாவது வேண்டும்.

சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளையும் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து ஒப்பிடுங்கள். படிக்காமல் இருக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். இரண்டு வகையையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். முதலில் நான் அப்படித்தான் செய்தேன். மச்சான் 'கடன்' வந்தபோது "பச்சை" என்று சுலபமாகச் சொல்லிவிட்டு, அடுத்து வந்த 'பாய்'க்குத் திணறினார். தடுமாற்றம் இப்படி அடுத்த சொல்லின் தலையில் விழுவது உண்டு. இரண்டாவது சுற்றில் தாள்களின் வரிசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் வந்த வேகம் கணக்கைக் கெடுக்கும். சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பத்து நிமிடம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், நினைவிருக்கும் சொற்களைக் கேளுங்கள். உணர்ச்சிச் சொற்கள்தான் பெரும்பாலும் முன்னால் வரும். உணர்ச்சியேறிய நினைவை அழுத்தமாகப் பதிய வைப்பதில் மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்குப் பங்குண்டு.

அப்புறம், அதே சொற்களை ஆங்கிலத்தில் எழுதியும் ஓட்டிப் பாருங்கள். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் விரல்நுனி வியர்வையை அளந்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், சின்ன வயதில் வாங்கிய திட்டு துருக்கி மொழியில் வந்தால் ஆங்கிலத்தைவிட அதிகமாகச் சுட்டது. மச்சானுக்கு ஆங்கிலத் தாளில் திணறலே இல்லை.